நாலும் சில்லென்றிருந்தன

கேலர் ஊரில் டிரெய்லர் சாமான் விற்கும் கடை ஒன்றே ஒன்றுதான். அதன் கவுண்டருக்கு அடியில், இடது கை ஓரமாக, நாலு அட்டைப் பெட்டிகள் இரண்டு வருஷம் கிடந்தன. உள்ளே பத்து அங்குல பிரேக், இடது பக்கத்துக்கு இரண்டு, வலது பக்கத்துக்கு இரண்டு. மேல் பெட்டியில் ஒரு மஞ்சள் சீட்டு. யார் கேட்டாலும் ட்வைலா ஹாக்கெட் தலையை நிமிர்த்தாமல், "அது வித்தாச்சு" என்று சொல்லிவிடுவாள். "எப்பதான் வந்து எடுத்துட்டுப் போவாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்ட வெளியூர்க்காரன் ஒருவன் உண்டு. அவன் அப்புறம் கேட்க வந்த சாமானையும் கேட்காமல் போய்விட்டான்.

ட்வைலாவுக்கு வாய் ஜாஸ்தி. இதை நான் கோள் மூட்டுவதாக நினைக்க வேண்டாம், அவளே சொல்லுவாள். பீட்ரூட் பயிரிடும் குடும்பத்தில் ஏழாவதாகப் பிறந்தவள். சாப்பாட்டு மேஜையில் கத்தினால்தான் தட்டில் ஏதாவது விழும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கவுண்டரில் நிற்கிறாள். கோடை வந்தால் பாதி அமெரிக்காவும் டிரெய்லர் வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் ஊர் வழியாகத்தான் ஸ்டாம்பர் கணவாய் ஏறும், இறங்கும். தேய்ந்த ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பார்கள். அவள் அதைக் கையில் வாங்கி ஒரு திருப்புத் திருப்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு எல்லோரிடமும் ஒரே கேள்விதான்.

"வண்டி என்ன எடை?"

எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். கம்பெனிக்காரன் புத்தகத்தில் போட்டிருக்கும் எடையை ஒப்பிப்பார்கள்.

"அது காலி வண்டி எடை. தண்ணி டேங்க் எங்க போச்சு? ஜெனரேட்டர் எங்க? உன் மாமியார் குடுத்த இரும்புச் சட்டி பன்னெண்டும் எங்க? போ, ஜல்லிக் குவாரியில எடை மேடை இருக்கு. ஏத்தி நிறுத்தி, சீட்டு வாங்கிட்டு வா. அப்புறம் பேசலாம்."

திட்டிக்கொண்டே போவார்கள். திரும்பி வரும்போது பாதிப் பேருக்கு முகம் வெளிறியிருக்கும். அதற்கு மேல் ட்வைலா சொல்வதுதான் சட்டம். ஒரு சக்கரத்துக்குப் போட்டால் அந்த அச்சின் அடுத்த சக்கரத்துக்கும் போட வேண்டும். உள்ளே கிரீஸ் கசிந்து, உராய்ந்து பிடிக்கும் பிரேக் லைனிங்கில் ஏறியிருந்தால் துடைத்து மாட்டும் பேச்சே கிடையாது. பிரேக் முழுசாக, தட்டோடு, புதிது. "கிரீஸ் குடிச்ச லைனிங்கும் எண்ணெய் குடிச்ச பஞ்சும் ஒண்ணுதான். மேல துடைச்சா சுத்தமாத் தெரியும். சூடு பட்டா உள்ள இருக்கறதைக் கக்கும்" என்பாள். கேட்டதை மட்டும் கொடு என்று அடம் பிடித்தவர்களை அவள் வெறுங்கையோடு துரத்தியிருக்கிறாள். முதலாளிக்குக் கோபம் வரும். ஆனாலும் கணவாயிலிருந்து பிரேக் கருகும் நாற்றம் ஊருக்குள் இறங்கும் ஜூலை மத்தியானங்களில் அவரும் வாயைத் திறக்க மாட்டார். அந்த நாற்றம் ட்வைலாவுக்குப் பிடிக்கும். நாறுகிறது என்றால் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தமாம்.

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. பனி உருகியதும் ஆளுக்கொரு கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அச்சு முனையில் ஒரு சின்ன மூக்கு இருக்கிறது. அதில் கன்னை வைத்து அமுக்கினால் பேரிங்குக்குக் கிரீஸ் போகும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து புதுக் கிரீஸ் தலை காட்டும்வரை அமுக்க வேண்டும் என்று அப்பன் காலத்திலிருந்து பேச்சு. அதற்கு மேல் ஆசைக்கு இரண்டு அமுக்கு. வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்களுக்கு நினைப்பு. அந்த இரண்டு அமுக்கில் பின்பக்கத்து ரப்பர் சீல் பிய்த்துக்கொண்டு, கிரீஸ் மொத்தமும் பிரேக்குக்குள் போய்விடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. சக்கரம் என்னவோ வெண்ணெயாகச் சுற்றும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புறங்கையால் ஒவ்வொரு ஹப்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். சுட்டால் பேரிங் போகிறது என்று பதறுவார்கள். சில்லென்று இருந்தால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். சமவெளியில் அது சரிதான். ஆனால் மலை இறங்கி வந்த ஹப் கொஞ்சமாவது சுட வேண்டாமா? சில்லென்று இருந்தால் அந்தச் சக்கரம் இறக்கம் முழுக்கச் சும்மா உருண்டு வந்திருக்கிறது, பிரேக்கே பிடிக்கவில்லை என்றல்லவா அர்த்தம்? ட்வைலா இதை அட்டையில் பெரிதாக எழுதிக் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள். வெளியே போய், சில்லென்று இருந்த ஹப்பைத் தொட்டுவிட்டுச் சந்தோஷப்படுவார்கள்.

அப்படிச் சந்தோஷப்படுகிறவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் மெரிட்.

மெரிட் முப்பது வருஷம் அந்தக் கணவாயில் பனி தள்ளும் லாரி ஓட்டியவர். தங்கமான மனுஷர், அதிகம் பேச மாட்டார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டிரெய்லரை வாங்கி, அதற்கு இரண்டாவது பெண்டாட்டி மாதிரி உபசாரம் செய்தார். விறகு அடுப்பு வைத்தார், அலமாரி அடித்தார், தண்ணீர் டேங்கைப் பெரிதாக்கினார். வருஷா வருஷம் கிரீஸ். வீட்டில் ஒரு எழுதாத ஒப்பந்தம்: கடை ட்வைலாவுடையது, டிரெய்லர் மெரிட்டுடையது. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ட்வைலா, தன் வாசலில் நின்ற டிரெய்லரின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்ததே இல்லை.

அந்த நாலு பெட்டிகள் கவுண்டருக்கு அடியில் வந்த வருஷம், ஜூன் கடைசியில், பின் அச்சின் இடது சக்கரத்தில் பேரிங் கீச்சிட்டது. மெரிட் இரண்டு ஹப்பையும் கழற்றி, மற்றவர்களைப் போலவே வாளியில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர்.

"ரெண்டு ஹப் வேணும், பின் அச்சுக்கு. பேரிங், சீல் சேர்த்து," என்றார்.

ட்வைலா வாளிக்குள் பார்த்தாள். ஹப்போடு சேர்ந்த டிரம் முழுக்கக் கிரீஸ் அப்பியிருந்தது.

"பிரேக்கு?"

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு. லைனிங் தடிமனா இருக்கு, தேயவே இல்ல."

"தேயாது. பிடிச்சாத்தானே தேயும்? இதப் பாரு, கிரீஸ்லயே குளிச்சிருக்கு."

"துடைச்சிட்டேன். மருந்து அடிச்சு, துணி போட்டுத் துடைச்சுப் பளபளன்னு வெச்சிருக்கேன்."

"முன் அச்சு? அதுக்கும் நீதானே அமுக்கின? நாலும் இப்படித்தான் இருக்கும், மெரிட். நாலு பிரேக்கும் புதுசாப் போடு. அதுக்கு முன்னாடி குவாரிக்குப் போய் எடை போட்டுட்டு வா. நீ வெச்ச அடுப்பே ஒரு கன்னுக்குட்டி கனம் இருக்கும்."

"அட, என்ன ட்வைலா, அந்த மலையை எனக்கா சொல்லித் தர்ற? முப்பது வருஷம் கண்ணை மூடிட்டு இறங்கியிருக்கேன்."

இந்த இடத்தில் அவள் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆமா, முப்பது வருஷமும் முன்னாடி மலையாட்டம் பனி நின்னு உன்னப் பிடிச்சு வெச்சுது. இப்ப ஜூலை வருது, ராசா. எந்தப் பனி வந்து பிடிக்கும்?"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னாலிருந்த ஒருவன் கைகூடத் தட்டினான். மெரிட்டின் காது சிவந்தது. அந்தச் சிவப்பு மெல்லக் கழுத்துக்கு இறங்கியது. அவர் வாளியின் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்.

ட்வைலாவுக்கு, முப்பது வருஷம் விடியலுக்கு முன்னால் எழுந்து, ஊர் தூங்கும்போது பாதை திறந்துவிட்ட மனுஷரை ஊர் முன்னாலேயே கேலிப்பொருளாக்கிவிட்டோமே என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாதவள் என்ன செய்வாள்? உள்ளே போய் இரண்டு ஹப்பை எடுத்துவந்து, ஒரு பேச்சும் பேசாமல் அவர் முன்னால் வைத்தாள். அவரை ஜெயிக்க விட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் கேட்டதை மட்டும் அவள் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் போனதும் மனசு கேட்கவில்லை. நாலு பிரேக் பெட்டிகளை எடுத்துக் கவுண்டருக்கு அடியில் வைத்து, மஞ்சள் சீட்டில் 'மெரிட்' என்று எழுதி ஒட்டினாள். கடை மெக்கானிக் இக்னாசியோ அதைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, உங்க வீட்டு வண்டிக்கேவா?"

"நாளைக்கு வண்டியை இங்க கொண்டு வரச் சொல்றேன். சொல்ற விதமாச் சொன்னா கேப்பாரு. நீ மாட்டிக் குடு."

"நீங்க சொல்ற விதமாவா?" என்று அவன் சிரித்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்தபோது வாசலில் டிரெய்லர் இல்லை. மேஜையில் ஒரு சீட்டு: 'ஏரிக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை வர்றேன். ஹப் அருமையா உக்காந்துடுச்சு.' கோபம் வந்தால் அவர் சண்டை போட மாட்டார், மீன் பிடிக்கப் போய்விடுவார். ஏரி கணவாய்க்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து இறக்கம் சாதாரணம், டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியை இரண்டாவது கியரில் போட்டாலே பிடித்துக்கொள்ளும். இந்தப் பக்கம் அப்படி இல்லை. ஆறு மைல், கூரை மாதிரி செங்குத்து.

பத்து மணி சுமாருக்குக் கடை போன் அடித்தது. மெரிட்தான். கோபம் போயிருந்தது, குரலில் சின்னப் பெருமை.

"மலை இறங்கிட்டேன். பெட்ரோல் பங்க்ல நிக்கறேன். நாலு ஹப்பையும் தொட்டுப் பாத்தேன் ட்வைலா, நாலும் சில்லுனு இருக்கு. ஐஸ்ல வெச்ச பீர் பாட்டில் மாதிரி. என்ன சொல்ற இப்ப?"

அவள் கண் தானாகச் சுவரிலிருந்த அட்டைக்குப் போனது.

"மெரிட், நான் சொல்றதக் கேளு. நாலுமா? ஒண்ணுகூடச் சுடலையா?"

"ஒண்ணுகூட இல்ல!"

"அங்கேயே நில்லு. இறக்கத்துல சில்லுனு இருந்தா—"

"சரி சரி, பின்னாடி ஒருத்தன் ஹார்ன் அடிக்கறான். ஏரியில டவர் கிடைக்காது. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டபோது மணியே அடிக்கவில்லை.

எதிரே நின்ற வாடிக்கைக்காரர் எதையோ கேட்டார். ட்வைலாவுக்குக் காதில் விழவில்லை. ஞாயிற்றுக்கிழமைவரை அவர் அங்கே பத்திரம், ஏரிக்கரையில் இறக்கம் கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடை அடைக்கும். பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு தானே போய்விடலாம். சக்கரத்துக்கு நாலு நட்டு, இரண்டு வயர். ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து மாட்டிவிடலாம். அவர் கத்தினால் கத்தட்டும். உடனே கிளம்பியிருக்க வேண்டும் என்று பிற்பாடு அவளுக்குச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். வெள்ளியும் சனியும் கடையில் வாரத்திலேயே நெரிசலான நாள், ஞாயிறு என்று அவரே எழுதியும் வைத்திருந்தார். அவள் அந்தச் சீட்டை நம்பினாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் யாரையும் திட்டவில்லை. இக்னாசியோவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு மலை ஏறினாள். பின் சீட்டில் நாலு பெட்டிகள், ஜாக்கி, ஒரு பை நிறைய ஸ்பேனர். வானம் தெளிவாக இருந்தது. வளைவுக்கு வளைவு பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்து 'டொக்' என்றன. எதிரே இறங்கி வந்த டிரெய்லர்களிலிருந்து வழக்கமான கருகல் நாற்றம் அடித்தது. அவள் கண்ணாடியை இறக்கி அதை மூச்சில் இழுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் பிரேக் பிடிக்கிறது, புதுசு மாட்டினால் அவருக்கும் பிடித்துவிடும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தாள். அவளுக்குப் பத்திரமான இடமாகத் தெரிந்தது ஏரிக்கரை ஒன்றுதான்.

பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் வண்டிகள் ஏறி நிற்பதற்காக மலைச்சரிவில் ஜல்லி கொட்டிய பாதை ஒன்று உண்டு. அதைத் தாண்டி, மேலே மூன்றாவது வளைவை நெருங்கியபோது ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக.

வளைவைத் திரும்பி வந்தது அவர்களுடைய நீலப் பிக்கப். முன் சக்கரம் இரண்டிலிருந்தும் வெள்ளைப் புகை. பின்னால் டிரெய்லர் தலையாட்டிக்கொண்டு தள்ளிவந்தது. அதன் நாலு சக்கரத்திலும் புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உலாவுக்குப் போகிற மாதிரி சுத்தமாக உருண்டன. கண்ணாடிக்குப் பின்னால் மெரிட்டின் முகத்தை அவள் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, ஒதுங்கு, ஒதுங்கு என்று அவளுக்குச் சைகை காட்டினார். அவள் பாறையோரம் ஒடித்தாள். காற்று காரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது.

"ஐயோ, மெரிட்!" என்று அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

அங்கே வண்டி திருப்ப இடம் இல்லை. மேலே கால் மைல் போய்த் திருப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அந்த இரண்டு நிமிஷத்தில் ஹார்ன் சத்தம் கீழே கீழே போய் நின்றுவிட்டது.

அவர் ஜல்லிப் பாதையைப் பிடித்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் தவறவிட்டிருப்பார்கள். வருஷா வருஷம் அந்த ஜல்லியைக் கிளறிவிட்டவரே அவர்தான். பிக்கப் அச்சுவரை புதைந்து நின்றது. ஆனால் டிரெய்லர் நிற்கவில்லை. அடுப்பும் டேங்க்குமாக அத்தனை கனத்தோடும் பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. மெரிட் எப்படியோ வெளியே வந்து, ஜல்லியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ட்வைலா அவரிடம் ஓடும் வழியில், தன்னை அறியாமல், அந்தரத்தில் நின்ற சக்கரத்தின் ஹப்பில் புறங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமைன்னுதானே எழுதின? ஏன் இன்னிக்கே வந்த?" என்று அவர் தோளைப் பிடித்து அழுதாள்.

"அங்க தனியா உக்காந்துட்டு யோசிச்சேன். நீ சொன்னதுதான் சரின்னு பட்டுது." அவருக்கு மூச்சு வாங்கியது. "திங்கக்கிழமை நாலையும் மாத்திடலாம்னு சொல்ல வந்தேன். நீதான் படிச்சுப் படிச்சுச் சொன்னியே."

"இல்ல மெரிட். நான் சொல்லல. நீ கேட்டதக் குடுத்துட்டேன்."

அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மலை அடிவாரம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருந்ததாம்.

இரண்டே வாரத்தில் ட்வைலா கடைக்குத் திரும்பினாள். பெட்டிகளை அதே இடத்தில் வைத்தாள். எடை கேட்டாள், குவாரிக்குத் துரத்தினாள். வரிசையில் நிற்கும் யாரையும் பார்த்துக் கேலி மட்டும் பேசுவதில்லை. யாராவது வேடிக்கையாகச் சொல்லி மற்றவர்கள் சிரித்தால், சிரிப்பு அடங்கும்வரை கைவேலையை நிறுத்திவிட்டு நிற்பாள்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, கடை அடைக்கும் நேரம். ஒருவன் வாளியோடு வந்தான். கணவாய் ஏறப் போகிறானாம். இரண்டு ஹப் போதுமாம். பிரேக்கைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறானாம். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி, வாயைத் திறக்காமல், வாளிக்குள் இருந்த கிரீஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். ட்வைலா அவனை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நீயும் அந்த வண்டியிலதான் போறியா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

"ஆமா."

"அப்ப நீ சொல்லு. அவர் மூஞ்சியப் பாக்காத, என்னப் பாத்துச் சொல்லு."

அந்தப் பெண் வாளியை விட்டுக் கண்ணை எடுத்து ட்வைலாவைப் பார்த்தாள். "நாலும் மாத்தணும்," என்றாள்.

இக்னாசியோ உள்ளேயிருந்து, "அக்கா, பத்து அங்குலம் காலி. செவ்வாய்க்கிழமைதான் சரக்கு வரும்," என்று குரல் கொடுத்தான்.

ட்வைலா குனிந்து கவுண்டருக்கு அடியிலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைத்தாள். மஞ்சள் சீட்டை நகத்தால் கிள்ளி மெதுவாக உரித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இக்னாசியோ, கடையை இப்ப அடைக்க வேண்டாம்," என்றாள். "இவங்க வண்டியை உள்ள எடு."